உத்திராபதி மோட்டார், எந்த ஊர்?

வண்டிக்குப் பின்னால் என்ன எழுதுவது என்று வரும்போது நம் ஆட்களுக்கு அடக்கம் என்பதே கிடையாது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சின்ன யானை என்று நாம் செல்லமாகக் கூப்பிடுகிற குட்டி லாரி ஒன்று போகும். அதன் முதுகில் குலதெய்வத்தின் பெயர், பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரின் பெயர், மூன்று போன் நம்பர், வாட்ஸப்புக்குத் தனியாக ஒரு நம்பர், யாரும் திறந்தே பார்க்காத ஒரு மெயில் முகவரி, கூடவே '24 மணி நேர சேவை'. இத்தனையையும் படித்து முடிக்க வேண்டுமென்றால் அந்த வண்டி பஞ்சராகி நின்றால்தான் உண்டு.

உத்திராபதியின் வண்டி அப்படி இல்லை. வெள்ளை உடம்பு, நீல எழுத்து. மேலே 'உத்திராபதி மோட்டார்'. கீழே பத்து இலக்கத்தில் ஒரு நம்பர். அவ்வளவுதான். போர் போட்டு உள்ளே இறக்கிய மோட்டார் கெட்டுப்போனால், சங்கிலி கட்டி மேலே தூக்கி, கழற்றிக் கொண்டுபோய்ச் சரிசெய்து, மறுபடியும் இறக்கிக் கொடுப்பது அவன் தொழில். ஊர் பெயரைக்கூட அவன் எழுதவில்லை. எழுதச் சொன்னவர்களிடம் ஒரு பெரிய வியாபார ரகசியத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வான்.

"புதுச்சத்திரம்னு போட்டா கெட்டுது. கடலூர்க்காரன் அவ்ளோ தூரத்துலேருந்து வரணுமேன்னு வேற ஆளப் பாப்பான். சிதம்பரத்துக்காரனும் அப்புடித்தான். போடாம வுட்டா ரெண்டு பேருமே நம்மள உள்ளூர்க்காரன்னு நெனச்சிக்குவான்."

அவன் கணக்கு பலித்தது. பதினான்கு வருஷம் அந்த நம்பருக்கு ஓய்வே இல்லை. இரட்டை ஏழில் முடிகிற அந்த நம்பரைக் குறிஞ்சிப்பாடியில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் ஆணியால் கீறி வைத்திருந்தார்கள். ஆலப்பாக்கத்தில் ஒருவர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார்.

இந்தக் கதை உத்திராபதியைப் பற்றியது இல்லை. அவன் மனைவி லோகநாயகியைப் பற்றியது. கல்யாணத்துக்கு முன்பு அவள் கடலூரில் ஒரு வைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தாள். எரிந்துபோன மோட்டாரின் பழைய கம்பியை உருவிவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டுகிற வேலை. உத்திராபதி அங்கே வாடிக்கையாளராக வந்தான். அவள் கட்டிக் கொடுத்த மோட்டார் எதுவும் திரும்பி வரவில்லை என்பதைக் கவனித்தான். பிறகு மோட்டார் இல்லாமலும் வர ஆரம்பித்தான். கல்யாணம் ஆனதும் அவன் வெளியே, அவள் உள்ளே என்று வேலை தானாகப் பிரிந்துகொண்டது. அவன் தூக்கிக்கொண்டு வருவான், அவள் கட்டுவாள். வாடிக்கையாளர் யாருக்கும் அவள் முகம் தெரியாது. அவளுக்கும் அவர்கள் ஊரும் மோட்டாரின் குதிரைத்திறனும்தான் தெரியும்.

போன வருஷம் சித்திரையில், பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் மோட்டார் தூக்கிக்கொண்டிருந்தபோது உத்திராபதிக்கு நெஞ்சு வலித்தது. சங்கிலியைப் பிடித்திருந்த தம்பி சேரனிடம், "கொஞ்சம் பிடிச்சிக்க, உக்காந்துட்டு வர்றேன்" என்றான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து படத்தை மாட்டியபோது, அவன் கையில் எப்போதும் இருந்த மூன்று சாமான்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் இருந்த பலகையில் அடுக்கினார்கள். மூக்குக் கண்ணாடி, டெஸ்டர், போன். தலைத்திவசம் முடிகிறவரை அதை யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். லோகநாயகிக்கும் அது வசதியாகவே இருந்தது. அந்தப் போன் அடித்தால் எடுக்க வேண்டும். எடுத்தால், அவர் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்துக்காவது அது வாய் மூடிக் கிடக்கட்டும் என்று அவளே சுவிட்சை அணைத்து வைத்தாள்.

மூன்று மாதம் காசு போடாத நம்பர் செத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவளே அதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் சந்தனம் வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்த ஒரு பொருளுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

தொழில் இளைத்துக்கொண்டே போனது. புதுச்சத்திரத்து ஆட்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். சேரனுக்குத் தெரிந்த நாலைந்து பேர் அவனைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வரவே இல்லை. மாதத்தில் இருபது நாள் ஓடிய வண்டி ஆறு நாள் ஓடியது, பிறகு நாலு நாள். உத்திராபதி போனதும் சனங்களும் போய்விட்டார்கள் என்று லோகநாயகி முடிவு கட்டினாள். வருத்தத்தைவிட அவளுக்குக் கோபம்தான் அதிகம். பதினான்கு வருஷம் இவர்கள் மோட்டாரை நான்தானே கட்டினேன், ஒருத்தருக்காவது விசாரிக்கத் தோன்றவில்லையே என்று ராத்திரிச் சோற்றைப் பிசையும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

தலைத்திவசம் முடிந்தது. ஆனியில் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டி வந்தது. அதற்காகப் பழைய எழுத்தையெல்லாம் சுரண்டி வெள்ளைப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. இதற்கிடையில் பண்ருட்டிப் பக்கத்தில் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டிருந்தார், பலாப்பழம் ஏற்ற. எழுத்து ஒட்டாமல் அப்படியே வெள்ளையாகக் கொடுத்தால் நல்லது என்று சேரனிடம் சொல்லி அனுப்பினார்.

"என்ன அண்ணி சொல்றீங்க, குடுத்துடலாமா?" என்றான் சேரன். அவன் கெட்டவன் இல்லை. அண்ணன் செத்தபோது தான் பிடித்திருந்த சங்கிலியை மறுபடி மறுபடி தொடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு தடவ எழுத்த ஒட்டி ஓட்டிப் பாப்போம். ஒரு மாசம். அப்பவும் யாரும் கூப்புடலன்னா குடுத்துடலாம்" என்றாள் லோகநாயகி.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர்த் தெருவில் அறிவழகனின் ஸ்டிக்கர் கடை. பேச்சு நிறைய, கை சுத்தம். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த நம்பரையும் வெட்டுவதற்கு முன்னால், சொந்தக்காரரைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, அந்த நம்பருக்கு ஒரு தடவை போன் போடுவான். ஒரு முறை கல்யாணச் சமையல்காரர் ஒருவரின் வண்டியில் ஒரு இலக்கத்தை மாற்றி ஒட்டிவிட்டு, அந்த முகூர்த்த மாதம் முழுக்க அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

"சொல்லுங்கக்கா, இன்னா போடலாம்? கியூஆர் கோடு போடலாம், இப்ப எல்லாரும் கேக்குறாங்க" என்றான்.

"ஓடுற வண்டியில அத எப்புடிய்யா ஸ்கேன் பண்றது?" என்றாள் லோகநாயகி.

"அதத்தான் நானும் சொல்றேன், கேட்டாத்தானே. ஒரு பேரு, ஒரு நம்பரு. அதுக்கு மேல எவனும் படிக்க மாட்டான். பின் கதவுல மட்டும் வேணாம். மோட்டார் தூக்கையில கதவ எறக்கி வுட்டுடுவீங்க, நம்பரு தரையப் பாத்துக்கினு தொங்கும். ஊரே கூடி வேடிக்க பாக்குற நேரத்துல நம்பரு தெரியலன்னா எப்புடி? சைடுல போடுவோம்."

எந்த நம்பர் என்பதில்தான் தகராறு. சேரன் தன் நம்பரைப் போடச் சொன்னான். லோகநாயகி பழைய நம்பர்தான் என்றாள். போன் பலகையில் இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் எடுத்துச் சார்ஜ் போட்டால் ஆயிற்று என்பது அவள் எண்ணம்.

"அண்ணி, அந்த நம்பரு இருக்குதோ இல்லையோ."

"எல்லார் வீட்டுச் செவுத்துலயும் இருக்குது."

அறிவழகன் நம்பரைத் தன் போனில் அடித்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தான். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வரும், பரவாயில்லை என்று லோகநாயகி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மணி போனது. இரண்டு முறை அடித்ததும் யாரோ எடுத்தார்கள். ஒரு பெண்ணின் குரல், அவசரமில்லாமல் பேசியது.

"உத்திராபதி மோட்டார் வண்டியத் தேடுறீங்களா? இது அவுரு நம்பர் இல்லைங்க, மாறிடுச்சு. ஆனா பேரு ஊரச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். அவுங்க கெடச்சா மொதல்ல உங்களத்தான் கூப்புடச் சொல்லுவேன். மோட்டார் உறுமுதா, இல்ல சத்தமே வரலயா?"

செத்து ஒரு வருஷமான மனிதனின் நம்பரில், அவன் பெயரைச் சொல்லி, அவன் கேட்கிற கேள்வியையே ஒரு பெண் கேட்கிறாள். லோகநாயகி மேசைமேல் குனிந்து போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"நான் அவுரு சம்சாரம் பேசுறேங்க" என்றாள்.

மறுமுனையில் அந்தக் குரல், "எட்டு மாசமா உங்களத்தாங்க தேடிக்கினு இருக்கேன்" என்றது.

அவள் பெயர் பிரிசில்லா. பிச்சாவரம் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சர். லோகநாயகி வண்டியை எடுக்கச் சொன்னாள். எழுத்து எதுவும் இல்லாத அந்த வெள்ளை வண்டியில் இரண்டு பேரும் சிதம்பரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. பிள்ளைகள் முட்டைச் சோறு தின்றுவிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிரிசில்லாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். உயரம் கம்மி, நெற்றியில் பொட்டில்லை, விரலில் பேனா மை. வாசலுக்கு வந்து உதட்டில் விரலை வைத்து, "மெதுவா வாங்கக்கா, இப்பத்தான் தூங்குனாங்க" என்றாள்.

பேச்சு எப்படித் தொடங்கும் என்று லோகநாயகி வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். பிரிசில்லாவே தொடங்கினாள்.

"அவுரு வரலயா? ஒடம்பு சரியில்லையா?"

"அவுரு தவறிட்டாரும்மா. போன வருஷம் சித்திரையில."

பிரிசில்லா சத்துமாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பார்த்தே இராத ஒரு மனிதனுக்காக அவள் கண் கலங்கியதை லோகநாயகி பார்த்தாள்.

"எட்டு மாசமா, வந்துடுவாரு வந்துடுவாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேனேக்கா" என்றாள் பிரிசில்லா.

பிறகு எழுந்து போய், பிள்ளைகளின் எடை எழுதுகிற பதிவேடுகளுக்கு நடுவிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்து வந்தாள். கார்த்திகையில் ஆபீஸ் வேலைக்கென்று புதுப் போனும் புது சிம்மும் வாங்கியிருக்கிறாள். செத்துப்போன அந்த நம்பரைத்தான் கம்பெனி அவளுக்குக் கொடுத்திருந்தது. வாங்கிய அன்றைக்கே மூன்று பேர் கூப்பிட்டு மோட்டார் கேட்டார்கள். முதல் ஆளை ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். இரண்டாவது ஆளைத் திட்டினாள். மூன்றாவது ஆள் வைக்கவே இல்லை.

"ஒரு பெரியவரு. நம்பரு தப்பா இருக்காதும்மா, அவுரு கையாலயே எங்க ஸ்டார்ட்டர் பொட்டியில எழுதுனது, நாத்து காயுது, அவுருகிட்டக் குடும்மான்னாரு. என்னமோ நான் அவுர உள்ள ஒளிச்சி வெச்சிக்கினு குடுக்க மாட்டேன்ற மாதிரி. அன்னைக்கி ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. மறுநா நானே அவுரக் கூப்புட்டு என்னாச்சுன்னு கேட்டேன்."

அந்தப் பெரியவர் பெயர் பொன்னுரங்கம், ஊர் புவனகிரிப் பக்கம். நோட்டில் முதல் பெயர் அவருடையதுதான். அதற்குப் பிறகு பிரிசில்லா ஒருவரையும் விடவில்லை. அங்கன்வாடியில் எடை குறைந்த பிள்ளையை எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கே போய்ப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கையில் ஊறிப்போனது. அதே பழக்கத்தில் மோட்டாருக்கும் கட்டம் போட்டாள். தேதி, பெயர், ஊர், என்ன கோளாறு, நான் சொன்னது, பிறகு என்ன ஆச்சு. கடைசிக் கட்டத்தை நிரப்ப, இரண்டு நாள் கழித்து அவளே தன் காசில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

லோகநாயகி பக்கங்களைப் புரட்டினாள். சின்னையன், ஆலப்பாக்கம், மோட்டார் ஓடுது தண்ணி ஏறல. அமிர்தம், குறிஞ்சிப்பாடி, சுவிட்ச் போட்டா தட்டி விடுது. அவளுக்கு முகம் தெரியாத, மோட்டார் மட்டும் தெரிந்த ஆட்கள். சின்னையனின் ஐந்து குதிரை மோட்டாரைப் பதினான்கு வருஷத்தில் அவள் மூன்று தடவை கட்டியிருக்கிறாள். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். 'உறுமுது, சுத்தல. கப்பாசிட்டர் பாக்கச் சொன்னேன். மாத்தினாங்க, ஓடுது.'

"இது சரி. இத உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. மொத மாசம் எல்லார்கிட்டயும் கடைசியில என்னாச்சுன்னு கேட்டேன்ல? உறுமுதுன்னு சொன்ன ஏழு பேருல அஞ்சு பேருக்கு அதான் போயிருந்துச்சு. அப்புறம் உறுமுதுன்னு சொன்னாலே, ஆளக் கூப்புட்டு மொதல்ல அதப் பாக்கச் சொல்லுங்கன்னுடுவேன்."

லோகநாயகி அந்த வரியை மறுபடி படித்தாள். வைண்டிங் பட்டறையில் அவள் ஒன்றரை வருஷம் குட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதை, மோட்டாரைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தி, பாயில் தூங்குகிற பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். படித்தவர்கள் எத்தனையோ பேர் அவள் பட்டறைக்கு வந்துபோயிருக்கிறார்கள். இப்படி ஒரு படிப்பை அவள் பார்த்ததில்லை. நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சேரன் பக்கத்தில் நின்றதால் விட்டுவிட்டாள்.

"எங்களக் கண்டுபுடிக்க முடியலயா டீச்சர்?" என்று கேட்டான் சேரன்.

பிரிசில்லாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே ஒரு தனிக் கணக்கு இருந்தது.

"நானும் எல்லார்கிட்டயும் கேட்டேன், அவுரு எந்த ஊருன்னு. கடலூர்னு தொண்ணூறு பேரு. சிதம்பரம்னு எழுபத்தி ரெண்டு பேரு. புவனகிரின்னு கொஞ்ச பேரு. மத்தவுங்கல்லாம், எங்க ஊருதாம்மான்னாங்க. ஒரு தடவ பி.முட்லூர்ல பஸ்சுல போறப்ப உங்க வண்டியப் பாத்துட்டேன். எறங்கி ஓடுனேன். அதுக்குள்ள திரும்பிப் போயிட்டீங்க."

உத்திராபதியின் பெரிய வியாபார ரகசியம் இப்படி ஒரு வேலை செய்திருந்தது. ஊர் பெயர் எழுதாத மனிதனை எல்லா ஊரும் தன்னுடையவன் என்றது. தேடிப்போக மட்டும் ஒருவருக்கும் வழி தெரியவில்லை. லோகநாயகி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிள்ளைகள் எழுந்துவிடுமே என்று.

"மொத்தம் எத்தன பேரு?"

"இருநூத்தி எண்பத்தி ஆறு. நேத்து வரைக்கும்."

ஒருத்தருக்காவது விசாரிக்கத் தோன்றவில்லையே என்று ஒரு வருஷமாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தாளோ அவர்கள் அத்தனை பேரும் இந்த நோட்டில் இருந்தார்கள். சிலர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று குறித்திருந்தது. பாதிக்கு மேல் வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்றும் பிரிசில்லா மறைக்காமல் எழுதியிருந்தாள். நாத்து காயும்போது காத்திருக்க முடியுமா? ஆனாலும், அடுத்த தடவைக்கு அவர் வந்துவிட்டால் சொல்லும்மா என்று அவர்களும் சொல்லி வைத்திருந்தார்கள்.

நாலு பெயர்கள் மட்டும் சிவப்பு மையில் இருந்தன. லோகநாயகி அதைக் கேட்டாள்.

"அதுங்க தப்பா பேசுனதுங்க. பொம்பள கொரலுன்னதும் வழிஞ்சதுங்க" என்றாள் பிரிசில்லா. "வீட்டுக்காரரு அப்பவே சிம்ம ஒடச்சிப் போடுன்னாரு. நாலு பேருக்காக மத்தவுங்கள வுட முடியுமான்னு நான் கேட்டேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல."

பிரிசில்லா போனைத் திறந்து சிம்மைக் கழற்றப் போனாள். "இது உங்களோடது, எடுத்துக்குங்கக்கா. ஆபீஸ்ல, பேங்க்ல எல்லாம் இந்த நம்பரத்தான் குடுத்திருக்கேன். நாலு எடத்துக்கு அலைஞ்சி மாத்திக்கிறேன், பரவால்ல."

லோகநாயகி அந்தச் சின்ன அட்டையைப் பார்த்தாள். அவள் தேடி வந்தது அதைத்தான். பதினான்கு வருஷத்துப் பிழைப்பு அதற்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் காலையில் சேரனோடு சண்டை போட்டாள். இப்போது மடியில் கிடந்த நோட்டு அதைவிடக் கனமாக இருந்தது. பிரிசில்லாவின் கையைப் பிடித்துப் போனை மூடினாள்.

"வேணாம்மா. இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் நம்பரு மாத்திக்கிறேன். யாராவது கூப்புட்டா மட்டும் புது நம்பரச் சொல்லிடுங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் சிதம்பரத்தில் இறங்கி, தன் பெயரில் ஒரு புது சிம் வாங்கினாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு, படத்துக்கு முன்னால் இருந்த போனை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்து, சார்ஜ் ஏற்றிப் புது சிம்மை அதில் போட்டாள். அவன் கண்ணாடியும் டெஸ்டரும் இருந்த இடத்திலேயே இருந்தன. புது நம்பரை முதலில் பிரிசில்லாவுக்குச் சொன்னாள். பிறகு மஞ்சக்குப்பத்துக்குக் கிளம்பினாள்.

"எழுதிக்க அறிவழகா" என்றாள். "உத்திராபதி மோட்டார். கீழ புது நம்பரு. அதுக்குக் கீழ, தொடர்புக்கு லோகநாயகி, புதுச்சத்திரம்."

சேரன் தயங்கினான். "அண்ணி, பொம்பளப் பேரப் போட்டு நம்பரும் போட்டா, கண்டவனும் போன் பண்ணுவான். சொன்னாக் கேளுங்க."

"நாலு பேரு பண்ணுவான். எட்டு மாசத்துல நாலு பேருதான்னு எழுதியே வெச்சிருக்குது அந்தப் பொண்ணு. மத்த இருநூத்தி எண்பத்தி ரெண்டு பேருக்கும் எம் பேரு தெரியட்டும். அவுங்க மோட்டாரக் கட்டுனவ நான்தானே?"

அறிவழகன் வழக்கம்போல வெட்டுவதற்கு முன்னால் நம்பரை அடித்தான். லோகநாயகியின் கையில் இருந்த பழைய போன் ஒரு வருஷத்துக்குப் பிறகு அடித்தது. சேரன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் வைத்திருந்த அதே மணிச் சத்தம்.

"சரியா இருக்குதுக்கா" என்று அறிவழகன் நீல ஸ்டிக்கரை வெட்ட உட்கார்ந்தான்.

மேலே 'உத்திராபதி மோட்டார்' என்று ஒட்டினான். பிறகு நம்பரை ஒவ்வொரு இலக்கமாகக் காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்த்துக்கொண்டு வந்தான். நம்பரை முடித்து, கீழே லோகநாயகி என்ற பெயரில் கடைசி எழுத்து பாக்கி இருந்தபோது போன் மறுபடி அடித்தது. லோகநாயகி அறிவழகனைப் பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் ஸ்டிக்கரைப் பிடித்திருந்தான்.

"நான் போடலக்கா" என்றான்.

அவள் எடுத்தாள். "உத்திராபதி மோட்டார். லோகநாயகி பேசுறேன்."

"யம்மா, நான் புவனகிரிப் பக்கத்துலேருந்து பொன்னுரங்கம் பேசுறேன்." வயதான குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. "பிரிசில்லா டீச்சரு இப்பத்தான் கூப்புட்டு நம்பரு குடுத்தாங்க. நோட்டுல இருக்கறவுங்க எல்லாருக்கும் வரிசையாப் பேசிக்கினு இருக்காங்களாம், நான்தான் மொத ஆளாம். உத்திராபதி தம்பி போயிட்டாருன்னாங்க. மனசே சரியில்ல." பிறகு கோபமா வருத்தமா என்று தெரியாத ஒரு குரலில் கேட்டார். "நாங்க கூப்புட்டுக்கினேதானம்மா இருந்தோம். இத்தன நாளா நீ எங்க போயிட்ட?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்து காதோரம் துடித்தது. வண்டியின் பக்கவாட்டில் லோகநாயகி என்ற பெயருக்குப் பக்கத்தில் அறிவழகன் ஊர் பெயரை ஒட்டத் தொடங்கியிருந்தான். அவள் அதைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"புதுச்சத்திரத்துலதாங்க இருந்தேன். சொல்லுங்க, மோட்டார் என்ன செய்யுது?"